தென்னந்தோப்பில் நின்ற ஜீப்பு

எங்கள் ரப்பர் விளைக்குப் போகிற வழியில் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் ரோடு கிடையாது. தடிக்காரன்கோணம் தாண்டி, கீரிப்பாறை போகும் வழியில் பிரிகிற செம்மண் தடம். வெயில் காலத்தில் பைக்கிலேயே போய்விடலாம். ஆனால் குமரி மாவட்டத்துக்கு மழை வருஷத்தில் இரண்டு தடவை. ஜூனில் தென்மேற்கு ஆரம்பித்தால், மண் சரியாகக் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் ரப்பர் ஷீட்டை ரோட்டுக்குக் கொண்டுவரத் தலைச்சுமைதான் வழி. மாமனார் இருந்தவரை அவரே பார்த்துக்கொண்டார். விளை எங்கள் கைக்கு வந்த முதல் மழையிலேயே, பால்வெட்டுக்கு வருகிற அண்ணன் கட்டோடு சறுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அன்று ராத்திரி வீட்டில் முடிவு செய்தோம், நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்று.

பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் புதுசு வாங்க முடியாது. பழசில் மஹிந்திராவின் பழைய தார் வண்டிதான் வேண்டும் என்று இருந்தேன். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதுத் தார் இல்லை, அதற்கு முந்தினது. 2,498 சிசி டீசல் எஞ்சின், கேன்வாஸ் கூரை, பின்னால் எதிரெதிரே பெஞ்சு சீட். எங்கள் மலையடிவாரத்தில் அதையும் ஜீப்பு என்றுதான் சொல்வார்கள். அதில் ஃபோர் வீல் போடுவதற்கு பட்டன் கிடையாது, கியர் பக்கத்தில் தனியாக ஒரு லிவர் இருக்கும். எஸ்டேட் ஜீப்பில் கைவைத்த எந்த மெக்கானிக்கும் அதைப் பிரித்து மாட்டிவிடுவார். 2015இல் செய்த மாற்றங்களில், பின் ஆக்ஸிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் வந்தது. ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால் மறுபக்கச் சக்கரத்துக்கு இழுவை கொடுப்பது அது. ஆகவே 2015க்குப் பிந்தியது மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் பார்த்தது ஒரு பழைய கார் வியாபாரியிடம். மீட்டரில் 32,000 கிலோமீட்டர். பெயின்ட் பளபளவென்று இருந்தது, டேஷ்போர்டில் வாசனை எண்ணெய் பூசியிருந்தார்கள். கிளட்ச் பெடலின் ரப்பர் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. 32,000 கிலோமீட்டரில் அப்படித் தேயாது. சந்தேகத்தோடு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். கதவு மூடுகிற தூணின் அடியில் ஆயில் மாற்றும்போது ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கர், பாதி கிழிந்த நிலையில். அடுத்த ஆயில் மாற்றம் 96,000 கிலோமீட்டரில் என்று பேனாவால் எழுதியிருந்தது. நான் எதுவும் பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. சேர்த்து வைத்த காசை எண்ணிக் கொடுக்கிற மனுஷனிடம் இப்படிச் செய்யலாமா?

இரண்டு மாதம் கழித்து, கூடப் பணிபுரியும் டீச்சர் ஒருவர் சொல்லித்தான் ராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் தென்னந்தோப்பு. தோப்புக்குள் தகரக் கொட்டகையில் 2016 மாடல் தார், மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர், ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அவர் இறந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அம்மா மட்டும் இருந்தார்.

மீட்டரில் 18,640.

ஒன்பது வருஷத்துக்கு 18,640. முதல் வண்டியில் பட்டதால் மனசு உடனே நம்பவில்லை. அம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஒவ்வொரு தடவை டீசல் அடித்ததும் தேதி, லிட்டர், தொகை, மீட்டர் அளவு எல்லாம் பச்சை மையில் எழுதியிருந்தது. மாதத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. 2017 டிசம்பரில் மட்டும் பத்து நாளில் நாலு தடவை. நான் அதைப் பார்த்து நின்றபோது அம்மா சொன்னார், "ஒக்கிப் புயல் அடிச்சப்போ மக்களே. கரண்டும் இல்ல, ரோடெல்லாம் மரம். தண்ணியும் அரிசியும் ஏத்திக்கிட்டு கடக்கரை ஊருக்கெல்லாம் போனாவ."

அந்த நோட்டு பொய் சொல்லாது என்று தோன்றியது. தோன்றினால் போதுமா? டயரைப் பார்த்தேன். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். நாலு டயரிலும் 2016இன் வாரங்கள்தான். வண்டியோடு வந்த டயர்கள், பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கிறது. பெடல் ரப்பரில் கோடுகள் அப்படியே. அம்மாவே போன் போட்டு, சர்வீஸ் சென்டரில் பழைய பில் விவரங்களைக் கேட்டு வாங்கித் தந்தார். கடைசி சர்வீஸ் 17,900இல். எல்லாம் ஒத்துப்போனது.

மறு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருஷமாக எஸ்டேட் ஜீப்புகளைப் பார்க்கிறவர். மீட்டரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதைக் கண்டுவிட்டு அவர் சொன்னது: "கொறச்சு ஓடின வண்டிக்கும் ஓடாம நின்ன வண்டிக்கும் வித்தியாசம் இருக்கு சார். நின்ன வண்டிக்கு வேற சீக்கு. அதுவும் இந்த உப்புக்காத்துல."

அன்று அவர் செய்தது எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சினைத் தொடவில்லை. முதலில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். ஸ்குரூ டிரைவரின் பிடியால் சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே அரித்திருந்தால் பொத்தென்று கேட்கும். சேசிஸ் முழுக்க மேல்துரு இருந்தது, ஆனால் சத்தம் கணீரென்றே வந்தது. டிரைவர் பக்க ஃபுட்போர்டின் அடியில் ஓரிடத்தில் மட்டும் பொத்தென்றது. நுனியால் லேசாகக் குத்தியதும் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. "இது தகடு வச்சு வெல்ட் பண்ணிக்கலாம். சேசிஸ்ல இப்படி இருந்தா நான் உங்கள வாங்க விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

பேட்டரி செத்துப்போயிருந்தது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் டீசல் ஃபில்டரின் அடியைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்தார். பாதி டம்ளர் தண்ணீர். பழைய டீசலை வடித்து, புது ஃபில்டர் போட்டு, கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்தபோது வெள்ளைப் புகை வந்தது. பத்து நிமிஷத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் ஆயில் எரிந்தால் வருகிற நீலப் புகை இல்லை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து கையை மேலே வைத்துப் பார்த்து, அமுக்கம் எதுவும் அடிக்கவில்லை என்று தலையாட்டினார். ஆனால் கியர் போட்டும் வண்டி நகரவில்லை. பதினாலு மாதம் ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே நின்றதில் பின் சக்கரத்தில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் பையப் பையத் தட்டித்தான் விடுவித்தார்.

அப்புறம் ஃபோர் வீல். நான் வாங்க வந்ததே அதற்காக. இன்சூரன்ஸ் முடிந்திருந்ததால் ரோட்டுக்கு எடுக்கவில்லை, தோப்புக்குள்ளேயே ஓட்டினோம். நாலு சக்கரமும் இழுக்கிறதா என்று பார்க்க மணலைவிட நல்ல இடம் ஏது? லிவரை, பின் சக்கரம் மட்டும் இழுக்கிற டூ ஹையிலிருந்து நாலும் இழுக்கிற ஃபோர் ஹைக்குத் தள்ளினால் அசையவில்லை. நான் பலமாகத் தள்ளப் போனேன், கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வருஷக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை, லிவரை இணைக்கிற கம்பிகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன, பலத்தைக் காட்டினால் உள்ளே கியரை நகர்த்துகிற ஃபோர்க் போய்விடும் என்றார். இணைப்புகளில் துரு எண்ணெய் அடித்து விட்டு வந்துவிட்டோம். மூன்று நாள் கழித்துத் திரும்பப் போனோம். கிளட்சை மிதித்துக்கொண்டு, வண்டியை ஒரு முழம் முன்னால், ஒரு முழம் பின்னால் உருட்ட உருட்ட, டக்கென்று விழுந்தது. டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் மட்டும் போதாதாம். மணல்மேட்டில் ஏற்றச் சொல்லிவிட்டுத் தான் முன்னால் போய் நின்றார். முன் சக்கரம் இரண்டும் மணலை வாரி அடித்ததைப் பார்த்த பிறகுதான் கையை உயர்த்தினார். வண்டியை முழுசாக நிறுத்தி, மெதுவாக ஆனால் அதிக வலுவோடு இழுக்கிற ஃபோர் லோவும் போட்டோம். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலே அந்த மேட்டில் ஜீப்பு நத்தை மாதிரி ஊர்ந்து ஏறியது. எனக்கு எங்கள் செம்மண் தடம்தான் கண்ணில் நின்றது.

முற்றத்தில் சிமென்ட் தரைக்கு வந்ததும் ஃபோர் ஹையிலேயே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கச் சொன்னார். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி திணறியது. "இத ஞாபகம் வச்சுக்கிடுங்க. இதுல முன்னையும் பின்னையும் ஒரே வேகத்துலதான் சுத்தும். வளையும்போது ரெண்டும் ஒரே தூரம் ஓடாது. மண்ணுன்னா சக்கரம் வழுக்கிச் சரிபண்ணிக்கிடும். தார் ரோட்டுல போட்டா உள்ள பல்லு உடையும்." கடைசியாக, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலைக் கொஞ்சம் வடித்தார். தண்ணீர் புகுந்திருந்தால் பால் விட்ட சாயா நிறத்தில் இருக்குமாம். கறுப்பாகத்தான் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டி கொள்ளாம்" என்றார்.

அம்மா ஏழரை லட்சம் சொன்னார். ஐந்து டயர், பேட்டரி, பிரேக், வெல்டிங், எல்லா ஆயிலும் மாற்ற என்ன ஆகும் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாளை அப்படியே அவரிடம் காட்டினேன். டயரில் பள்ளம் இருந்தாலும் பக்கவாட்டில் விரலால் தொட்டால் தெரியும் அளவுக்கு வெடிப்பு. மகனிடம் போனில் பேசிவிட்டு ஆறு எண்பதுக்குச் சம்மதித்தார். பேரம் அவ்வளவுதான்.

பேப்பர் வேலைதான் நீண்டது. ஆர்.சி. இறந்தவர் பேரில் இருந்தது. அப்படி இருக்கும்போது அவர் வீட்டார் எனக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. முதலில் படிவம் 31 வழியாக வாரிசு பேருக்கு மாற வேண்டும், அதற்குப் பிறகே படிவம் 29, 30 வழியாக என் பேருக்கு. சட்டப்படி, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இருந்தவர்களுக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? தாமதத்துக்கான தொகையைச் சேர்த்துக் கட்டினோம். இறப்புச் சான்றிதழும் தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழும் ஏற்கெனவே கையில் இருந்தன. மஸ்கட்டில் இருக்கும் மகளின் சம்மதக் கடிதம் தூதரக முத்திரையோடு வந்து சேரத்தான் மூன்று வாரம் ஆனது.

இதற்கு நடுவே இன்னொன்று. லோன் 2019லேயே அடைந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பேர் அப்படியே கிடந்தது. அதை நீக்க படிவம் 35, கூடவே வங்கியின் தடையில்லாச் சான்று. பழைய சான்று பீரோவில் இருந்தது, தேதி காலாவதியாகியிருந்தது. கிளைக்கு மூன்று தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முட்டுவலியோடு அந்தப் படிக்கட்டில் அவர் ஏறியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள், விலை பேசுவதற்கு முன்பே எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, கடன், இன்சூரன்ஸ், அபராதம் எல்லாம் பார்த்துவிடுங்கள். இந்தக் கடன் விஷயத்தை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன்.

இவ்வளவு நாளும் வண்டியை நான் எடுக்கவில்லை. 25,000 முன்பணம் கொடுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான். "எடுத்துக்கிட்டுப் போங்க மக்களே, பேரு பொறவு மாத்திக்கிடலாம்" என்று அம்மா இரண்டு தடவை சொன்னார். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் மலைத்தடத்தில் எனக்கு ஏதாவது ஆனால் அந்த அம்மா கோர்ட்டு ஏற வேண்டுமா? முதல் பெயர் மாற்றம் முடிந்த பிறகு, மீதிப் பணத்தை வங்கி வழியாகப் போட்டு, விற்பனைத் தாளில் தேதியோடு மணியையும் எழுதிச் சாவியை வாங்கினேன். அன்றே 29ம் 30ம் போய்விட்டன. இடையில் புதுப்பித்திருந்த இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் என் பேருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். என் பேரில் ஆர்.சி. அட்டை தபாலில் வந்தது. முதல் நாள் பார்த்ததிலிருந்து அதுவரை மூன்று மாதம், பத்து நாள்.

ரிப்பேர் செலவு 85,000 வந்தது. பாதிக்கு மேல் டயருக்கே.

சாவி வாங்கிய அன்று, டேஷ்போர்டில் கிடந்த அந்தப் பச்சை மை நோட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். "இது இங்க இருக்கட்டும்" என்று வாங்கி, முந்தானையால் தூசியைத் துடைத்துக்கொண்டார். வண்டி வாசலைத் தாண்டும் வரை நின்று பார்த்தார்.

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தது. விடிய விடியப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், தடம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி லிவரை இழுத்தேன். தடங்கல் இல்லாமல் விழுந்தது. பக்கத்து சீட்டில், கை குணமாகி வேலைக்குத் திரும்பியிருந்த பால்வெட்டு அண்ணன். மேட்டில் ஏறும்போது அவர் கம்பியைப் பிடித்தபடி, போன வருஷம் தான் விழுந்த இடத்தைக் காட்டினார். திரும்பி இறங்கும்போது பின் பெஞ்சுகளுக்கு நடுவே ஷீட்டுக் கட்டு அடுக்கியிருந்தது. பிரேக்கை மிதிக்காமல், ஃபோர் லோவில், பைய இறங்கி ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம்.