ஷட்டவுன் கொடுத்தும் அணையலையா? ஃபார்மேட் பண்ணிடாதீங்க

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்னதுல இருந்து திருப்பூர் பனியன் கம்பெனி, ஈரோடு மஞ்சள் மண்டினு எங்க பார்த்தாலும் பழைய மெஷினை விண்டோஸ் 11க்கு ஏத்திட்டு இருக்காங்க. ஏத்தினதுக்கப்புறம் அதிகமா காதுல விழற புகார்: "ஷட்டவுன் கொடுத்தா ஸ்கிரீன் அணைஞ்சுருது, ஃபேன் மட்டும் ஓடிட்டே இருக்குதுங்க." இதுக்குப் போய் டேலி டேட்டாவும் ஜிஎஸ்டி பில்லும் இருக்கற மெஷினை ஒட்டுக்கா ஃபார்மேட் பண்றது அநியாயம்ங்க.

முதல்ல ஒண்ணைப் பாருங்க. ரீஸ்டார்ட் கொடுத்தா ஒழுங்கா அணைஞ்சு திரும்ப வருதா? அடுத்ததா, ஷிஃப்ட் கீயை அமுத்திப் பிடிச்சுட்டே ஷட்டவுனை கிளிக் பண்ணுங்க. இப்ப சுத்தமா அணைஞ்சுட்டா, காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், அதாவது மெஷின் சீக்கிரமா ஆன் ஆகறதுக்கு விண்டோஸ் வெச்சிருக்கற வசதி.

2012ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து ஷட்டவுன்ங்கறது முழு ஷட்டவுன் இல்லைங்க. நீங்க திறந்து வெச்ச புரோகிராம் எல்லாம் மூடிக்கும். ஆனா கெர்னலும் (விண்டோஸோட மையப் பகுதி) டிரைவர்களும் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்கற சின்ன புரோகிராம்) இருந்த நிலைமையை அப்படியே சி டிரைவுல ஹைபர்ஃபில்.சிஸ்ங்கற ஃபைல்ல எழுதி வெச்சுட்டு, காலையில அதையே எடுத்துப் போட்டுக்கும். இதுக்கு ஒவ்வொரு டிரைவரும் ஒத்துழைக்கணும். பழைய விண்டோஸுக்கு எழுதின டிரைவர் ஒண்ணு நடுவுல மாட்டிக்கிட்டா கரண்டை நிறுத்தற கடைசிக் கட்டம் நடக்காது. ரீஸ்டார்ட் இந்த வழியில போறதில்லை, அதனாலதான் அது மட்டும் நல்லா வேலை செய்யுது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தறதுக்கு கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போங்க. இடதுபக்கம் பவர் பட்டன் என்ன செய்யணும்னு கேக்கற லிங்க் இருக்கும். உள்ளே போனா டிக் பாக்ஸ் மங்கலாத் தெரியும். மேல இருக்கற "சேஞ்ச் செட்டிங்ஸ்"னு தொடங்கற வரியை கிளிக் பண்ணினாத்தான் மாத்த விடும். "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" டிக்கை எடுத்துட்டு சேவ் பண்ணுங்க. எஸ்எஸ்டி போட்ட மெஷின்ல வித்தியாசமே தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க்னா காலையில சித்த நேரம் கூடுதலா ஆகும், அவ்வளவுதான்.

ஷிஃப்ட் அமுத்தியும் ஃபேன் நிக்கலைனா இன்டெல் மேனேஜ்மெண்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ் டிரைவரை (இன்டெல் மெஷினுக்குள்ள தனியா ஓடற ஒரு பகுதியோட விண்டோஸ் பேசறதுக்கானது) சந்தேகப்படணும். 2015ல விண்டோஸ் 10 வந்தப்பவும் இதே கூத்துதான். அப்டேட் வழியா இந்த டிரைவரோட 11ஆம் பதிப்பு வந்து உக்காந்த பல லேப்டாப்புக, 9 இல்லைனா 10ஆம் பதிப்பைத் திரும்பப் போட்ட பொறவுதான் ஒழுங்கா அணைஞ்சுது. டிவைஸ் மேனேஜர்ல சிஸ்டம் டிவைசஸுக்குக் கீழ இது இருக்கும். ரைட் கிளிக் பண்ணி டிசேபிள் கொடுத்துட்டு ஒரு தடவை ஷட்டவுன் பண்ணிப் பாருங்க. அணைஞ்சுதுன்னா ஆள் அகப்பட்டுது. திரும்ப எனேபிள் பண்ணி, டிரைவர் டேப்ல ரோல் பேக் கொடுங்க, முந்தின பதிப்பு திரும்ப வரும். அது மங்கலா இருந்தா மெஷின் தயாரிச்ச கம்பெனி தளத்துல உங்க மாடல் நம்பரைப் போட்டு, அந்த மாடலுக்குன்னே கொடுத்திருக்கற டிரைவரை எடுத்துப் போடுங்க. விண்டோஸ் 11, இன்டெல்ல 8ஆம் தலைமுறைக்கு முந்தின பிராசசர்கள்ல பெரும்பாலானதை ஏத்துக்கறதில்லை. அந்தச் சோதனையை ஏமாத்தி ஏத்தின பழைய மெஷினுக்கு விண்டோஸ் 11க்கான டிரைவர் தேடாம, விண்டோஸ் 10க்கானதையே போடுங்க.

அணைஞ்ச கையோட தானா திரும்ப ஆன் ஆகுதா? அது வேற சமாச்சாரம். சிஸ்டம் பிராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி போய் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுங்க. ஷட்டவுன் ஆகறப்ப மெஷின் கிராஷ் ஆச்சுன்னா இனி நீலத் திரை நின்னு காரணத்தைக் காட்டும். மெஷின்ல நடந்ததை விண்டோஸ் குறிச்சு வெக்கற ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் பதிவையும் பாருங்க: ஈவென்ட் எண் 1074னா யாரோ, இல்லைனா ஏதோ புரோகிராம், முறையா அணைக்கச் சொல்லியிருக்குது, 41, 6008னா முறையா அணையலைனு அர்த்தம். "அப்டேட் அண்ட் ஷட்டவுன்" கொடுத்தும் ரீஸ்டார்ட் ஆகறது விண்டோஸோட பழைய கோளாறு. 2025 அக்டோபர் கடைசியில வந்த அப்டேட்டுலதான் சரி பண்ணினாங்க, அதனால பாக்கி அப்டேட்டை எல்லாம் முடிச்சுருங்க.

ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சு, காலையில போட்டவுடனே கம்ப்யூட்டர் தானா ஓடுதுன்னா விண்டோஸைக் குத்தம் சொல்லாதீங்க. விண்டோஸுக்கு முன்னாடியே மதர்போர்டுல ஓடற பயாஸ்ங்கற புரோகிராம்ல, கரண்ட் திரும்ப வந்தா என்ன பண்ணணும்னு ஒரு செட்டிங் இருக்குது. அதை "பவர் ஆஃப்"னு வைங்க.

மெயின் சுவிட்ச்னதும் இதைச் சொல்லியே ஆகணும். ஃபேன் ஓடிட்டு இருக்கறப்பவே மெயினை இறக்கிட்டுப் போறது ரொம்ப ஆபத்துங்க. அந்த நேரம் டிஸ்க்ல எழுதிட்டு இருந்தா விண்டோஸும் போகும், டேலி டேட்டாவும் போகும். ஹார்ட் டிஸ்க் லைட் மின்னறது நிக்கட்டும். பொறவு பவர் பட்டனை 10 வினாடி அமுத்திப் பிடிங்க, அதுக்கப்புறம் மெயினைத் தொடுங்க.

எதுவுமே சரிப்படலைனா பழைய விண்டோஸுக்கே திரும்பிருங்க. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில "கோ பேக்" இருக்கும், ஆனா ஏத்தி 10 நாளைக்குத்தான். அதுக்குள்ள இடம் பத்தலைனு, பழைய விண்டோஸ் இருக்கற விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழிச்சுட்டா அந்த வழியும் அடைஞ்சு போகும். டேட்டாவை முதல்ல பென்டிரைவுல எடுத்து வெச்சுட்டு கோ பேக் கொடுங்க.