முரசுமோட்டைக்கு வந்துவிட்டோம்

வீடு வாங்கிக் குடிவந்து இன்றோடு ஐந்து கிழமை. ஆடி பிறக்க முன்னம் குடிபூர வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால், வயரிங்கும் பூச்சு வேலையும் பாதியில் நிற்க, ஆனி முடிகிற நேரம் ஒரு விடியற்காலையில் பால் காய்ச்சி உள்ளே வந்தோம். குசினிச் சாமான் பாதி இன்னும் உரப்பைக்குள்தான் கிடக்கிறது. பரவாயில்லை.

வீடு கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. 2008 கடைசியில், இறுதிப் போர் நேரம் இடம்பெயர்ந்து, நாங்கள் உழவு மெசினில் சாமான் ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு என்று போனது இதே வீதியால்தான். அப்போது அப்பா கூரைத் தகரத்தோடு முன் கதவையும் நிலையோடு கழற்றி ஏற்றினார். முதிரைக் கதவு, நாலு பேர் பிடித்தால்தான் தூக்கலாம். சுதந்திரபுரம் வரைக்கும் அது எங்களோடு வந்தது, அதற்குப் பிறகு கதவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அப்புறம் செட்டிகுளத்தில் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரம், திரும்பி வந்து தகரக் கொட்டில், பிறகு கிளிநொச்சியில் அடுத்தடுத்து மூன்று வாடகை வீடு. இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று அம்மா அறை எத்தனை, கிணறு எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை. நேரே முன் கதவுக்குப் போய் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "முதிரைதான்" என்றார். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

ஆனால் மனம் முடிவெடுத்தால் போதாது, காணி விசயம் வேறு. இதை வன்னியில் வீடு தேடுகிற எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன். இங்கே நிறையக் காணி அனுமதிப்பத்திரக் காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. அதை வைத்திருப்பவர் நினைத்தபடி விற்க முடியாது. முதலில் நாங்கள் பார்த்த வீடு அப்படியானதுதான். விலை குறைவு, வளவு பெரிது, "ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைப்பம், எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்" என்றார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மை, அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பிறகு அலைகிறார்கள் என்பதும் உண்மை. வங்கியும் அதற்குக் கடன் தராது என்று சொல்லிவிட்டது. நாங்கள் வாங்கியது உறுதிக் காணி, அதாவது விற்கிறவருக்கே சொந்தமான, உரிமைப் பத்திரம் உள்ள காணி. உறுதி எழுதுகிற நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவைத் தேடிப் பார்த்த பிறகுதான் முற்பணமே கொடுத்தோம். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. வீட்டு விலையை மட்டும் சேர்த்து வைத்துவிட்டு இதை மறந்தால் கடைசி நேரத்தில் நகை அடகுக்குப் போகும். எங்களுக்குப் போனது.

கரண்ட் பில் பெயர் மாற்றியது, விதானையிடம் (கிராம அலுவலர்) பதிந்தது எல்லாம் இரண்டு நாள் வேலை.

பின் அறையில் பழைய பெயின்றைச் சுரண்டும்போது சுவரில் முழங்கால் உயரத்துக்கு மண்நிறத்தில் ஒரு கோடு வந்தது. நாலு சுவரிலும் ஒரே மட்டம், நூல் பிடித்த மாதிரி. பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது பதினெட்டாம் ஆண்டு வெள்ளம் பிள்ளை" என்றார். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்து, கனகராயன் ஆறும் பெருகி, கண்டாவளைப் பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது எனக்கும் தெரியும், அன்று நாங்கள் கிளிநொச்சியில் இருந்தபடி செய்தி பார்த்தோம். ஆனால் செய்தியில் பார்த்த தண்ணீர் என் வீட்டுச் சுவரில் எந்த இடம் வரை நின்றது என்று விரலால் தொட்டுப் பார்ப்பது வேறு. மாமி கோழிகளைக் கூரைக்கு ஏற்றின கதையைச் சொல்லச் சொல்ல, நான் வயரிங் செய்கிற தம்பியைக் கூப்பிட்டு பிளக் பொயின்ற் எல்லாவற்றையும் நாலு அடிக்கு ஏற்றச் சொல்லிவிட்டேன். நெல் மூடை வைக்கக் கல் அடுக்கி ஒரு மேடையும் கட்டியாயிற்று.

கிணற்றையும் மோட்டர் வைத்து அடிவரை இறைத்துச் சேறு அள்ளினோம், பிறகு குளோரின் போட்டு ஒரு நாள் விட்டோம். குளிக்கத் துவைக்க அருமையான தண்ணீர். குடிக்கத்தான் கவலை, கொதிக்க வைத்தால் கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறது. சின்னவளுக்காவது சுத்திகரித்த தண்ணீர் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு பை இருக்கிறது. கறுப்பு ரெக்சின் பை, சிப்பு வேலை செய்யாது. பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், அக்காவின் சோதனைப் பெறுபேறு, அப்பாவின் இறப்புப் பத்திரம் எல்லாம் அதற்குள். 2008இலிருந்து அது கதவுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில்தான் தொங்கும். இங்கு வந்ததும் அலுமாரி வாங்கி, பூட்டுப் போட்ட லாச்சியும் காட்டினேன். அம்மா தலையாட்டினார். மறுநாள் காலையில் பார்க்க, முன் கதவு நிலைக்குப் பக்கத்தில் புது ஆணி ஒன்று அடித்துப் பை அதில் தொங்குகிறது. ஒருவரையும் கேட்காமல் அம்மா அடித்த ஆணி. கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வரவும் கூடாது.

மூல உறுதி ஈட்டுக்கு வங்கியில் இருக்கிறது. பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் வாசித்தார், எல்லைகள் எழுதின இடத்தில் நின்று, "கிழக்கே வாய்க்கால்" என்று எனக்குக் கேட்கச் சொன்னார், பிறகு நாலாக மடித்து அந்தப் பைக்குள் வைத்தார்.

மேசன் திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். மாரிக்கு முன்னம் பின் சுவர் பூசி முடிய வேண்டும்.