கொலோனோஸ்கோபியில் குடல் அழற்சியைப் படமெடுத்தல்: டி.எம். (இரைப்பை குடலியல் உயர்படிப்பு) மாணவர்களுக்குச் சில யோசனைகள்

இரைப்பை குடலியல் செய்முறைத் தேர்வில், கொலோனோஸ்கோபியில், அதாவது கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் சோதனையில், எடுத்த ஒரு படத்தைத் திரையில் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று கேட்பார்கள். நோயின் பெயரைச் சொல்ல நாக்கு துடிக்கும், பொறுங்கள். அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) போலத் தெரிந்தால், ரத்தக்குழாய் வரிகள் தெளிவாக உள்ளனவா, ஆங்காங்கே மறைந்தனவா, அடியோடு இல்லையா என்பதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து ரத்தக்கசிவு, அதன்பின் அரிப்பும் புண்ணும். இந்த வரிசையில் சொன்னாலே, இந்த நோயின் தீவிரத்தைக் காட்டும், 0 முதல் 8 வரையுள்ள யு.சி.இ.ஐ.எஸ். மதிப்பெண் கைக்கு வந்துவிடும். இதே நோய்க்கான இன்னொரு அளவுகோலான மேயோவில் 2, 3 இரண்டுக்கும் நடுவே பலர் தடுமாறுகிறார்கள். அரிப்போடு நின்றால் 2. புண்ணோ, தானாகக் கசியும் ரத்தமோ இருந்தால் 3.

இப்படிப் பார்க்கும் கண், நாமே படமெடுத்துப் பழகும்போதுதான் அமைகிறது. கருவி உள்ளே போகும்போதே அழற்சி கண்ணில் பட்டால் அப்போதே எடுத்துவிடுங்கள். திரும்பும்போது எடுத்தால், கருவி உரசிய சிவப்பும் உறிஞ்சலால் விழுந்த தடங்களும் நோயோடு கலந்து குழப்பும். சளியையும் மலத்தையும் நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். குடலைப் போதுமான அளவு விரியச் செய்யுங்கள். தள்ளி நின்று ஒரு படம், நெருங்கி ஒரு படம். எல்லாமே பயாப்சிக்கு, அதாவது சோதனைக்காகத் திசுவைக் கிள்ளி எடுப்பதற்கு, முன்பு. கிள்ளியதால் வழியும் ரத்தம் படத்தில் நோயின் ரத்தமாகத் தெரியும்.

குடல் அழற்சியின் இன்னொரு வகையான குரோன் நோயில் புண்ணின் அளவுக்குத் தனி மதிப்பெண் உண்டு; அந்நோயின் தீவிரத்தை அளக்கும் எஸ்.இ.எஸ்.-சி.டி. அளவுகோலில் 0.5 செ.மீ., 2 செ.மீ. ஆகியவை எல்லைகள். கண் மதிப்பை நம்பாதீர்கள். பயாப்சி இடுக்கியைத் திறந்து புண்ணருகே நிறுத்தி ஒரு படம் எடுங்கள். உங்கள் அறையில் உள்ள இடுக்கி எத்தனை மில்லிமீட்டர் விரியும் என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

நம் நாட்டில் இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், குரோன் போலவே தோன்றும் குடல் காசநோய். குறுக்குவாட்டில் ஓடும் புண்ணும் வாய் பிளந்து நிற்கும் இலியோசீக்கல் வால்வும் (சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்து வால்வு) காசநோய்ப் பக்கம் சாயும். நீளவாக்குப் புண், ஆப்தஸ் எனப்படும் மேலோட்டமான சிறு புண், கூழாங்கல் தோற்றம் குரோன் பக்கம். ஆனால் பயாப்சி வந்த பிறகும் முடிவு தெரியாத நோயாளிகள் நிறையப் பேர். அவர்களுக்குக் காசநோய் மருந்தைத் தொடங்கி, சில மாதங்கள் கழித்து மீண்டும் உள்ளே பார்க்கிறோம். வயிற்றுவலி குறைந்தது மட்டும் போதாது. புண் ஆறியிருக்கிறதா என்பதே கேள்வி; ஆறியிருந்தால் காசநோய், இல்லாவிட்டால் பெரும்பாலும் குரோன். அன்று பார்ப்பவர் வேறொரு மருத்துவராக இருக்கலாம். "வால்வு அருகே புண்கள்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அவர் எதோடு ஒப்பிடுவார்? ஒப்பிட முடியாவிட்டால், குரோன் உள்ள நோயாளி மேலும் பல மாதம் தேவையில்லாத மருந்தை விழுங்க நேரிடும்.

நன்றாக இருக்கும் பகுதியையும் எடுங்கள், குறிப்பாக மலக்குடலை. அங்கே அழற்சி இல்லாததும் அல்சரேட்டிவ் கொலைடிஸா, குரோனா என்று பிரிக்க ஒரு தடயம்தான். எனிமா மருந்து எடுத்தவர் என்றால் அதையும் குறித்துவிடுங்கள்; மலக்குடல் ஆறியது அந்த மருந்தாலும் இருக்கலாம். படத்துக்குக் கீழே வெறும் எண் போடாமல், "ஏறுகுடல், வால்வுக்குச் சற்று மேலே, பயாப்சிக்கு முன்" என்று முழுதாக எழுதுங்கள்.