பிஷப் வர இருபது மாதம்: சிகாகோவில் ஒரு டெலிகேட்டின் அனுபவம்

"பிஷப்பே இல்லாம அங்க எப்படிட்டி கோயில் நடக்குது?"

2021 மே மாதம் அம்மா போனில் கேட்டது. கேள்வி நியாயமானதுதான். அம்மாவின் ஊர் வெள்ளாளன்விளைக்குப் பக்கம். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப்பான, அதாவது பேராயரான, வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்த ஊர் அது. 1912-இல் கல்கத்தாவில் அவருக்குப் பிரதிஷ்டை நடந்த கதையை, அதாவது கைவைத்து ஜெபித்து அவரைப் பேராயராக்கிய கதையை, ஏதோ போன வாரம் நேரில் பார்த்தது போல எங்கள் வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவளுக்கு, பேராயர் இல்லாத திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பு) என்பது தலை இல்லாத உடம்பு மாதிரி.

நாங்கள் சிகாகோவின் புறநகர் ஒன்றில் இருக்கிறோம். போவது எபிஸ்கோப்பல் சபைக்கு. ஆங்கிலிக்கன் குடும்பத்தின் அமெரிக்கக் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் சி.எஸ்.ஐ.க்கு, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்கு, பங்காளி முறை. முதல் ஞாயிறு உள்ளே போய் உட்கார்ந்தபோது பாடல் புரியவில்லை, குளிர் தாங்கவில்லை, ஆனால் ஜெபப்புத்தகத்தில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் தங்கிவிட்டோம்.

டெலிகேட், அதாவது சபையின் பிரதிநிதி, ஆன கதை பெரிதாக ஒன்றுமில்லை. வருடாந்தரக் கூட்டத்தில் திருமண்டல மாநாட்டுக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டபோது எல்லாரும் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். என் பெயரை எழுதிவிட்டார்கள். அந்த வருடம் பிஷப் தேர்தல் இருக்கிறது என்பதைப் பிறகுதான் சொன்னார்கள்.

சிகாகோ திருமண்டலத்தின் பன்னிரண்டாவது பிஷப் ஜெஃப்ரி லீ 2008 முதல் பொறுப்பில் இருந்தவர். ஓய்வு பெறப்போவதாக அறிவித்திருந்தார். கொரோனா வந்தது, எல்லாம் தள்ளிப்போனது. கடைசியில் தேர்தல் 2020 டிசம்பர் 12, சனிக்கிழமை. அதுவும் ஜூம் வழியாக. லீ அந்த மாதம் 31-ஆம் தேதியோடு விடைபெறுவதாக ஏற்பாடு.

ஊரில் பேராயர் தேர்தல் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டு அணி, நோட்டீஸ், டீக்கடைக் கணக்கு. எங்கள் சித்தப்பா ஒருவர் டி.சி. எனப்படும் டயோசிசன் கவுன்சிலில், அதாவது திருமண்டலப் பேரவையில், மெம்பராக இருந்தார், தேர்தல் மாதத்தில் வீட்டுக்கு வரும் வாழைத்தாரை வைத்தே யார் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அங்கே டயோசிசன் கவுன்சில் ஓட்டுப் போட்டு ஒரு பானல் அனுப்பும். அதிலிருந்து ஒருவரை சினாடு, அதாவது முழுச் சபைக்குமான தலைமை அமைப்பு, தேர்ந்தெடுக்கும். இங்கே முறை வேறு. ஒரு தேடல் குழு பல மாதம் உட்கார்ந்து, திருமண்டலம் எப்படிப்பட்டது, எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதும். அதைப் பார்த்து நாட்டின் எந்த மூலையிலிருந்தும் குருமார் விண்ணப்பிக்கலாம். விசாரணை, நேர்காணல், பின்னணிச் சோதனை எல்லாம் முடிந்து சில பெயர்கள் வெளியே வரும். பிறகு ஓட்டு நம் கையில்.

எங்களுக்கு வந்தது நான்கு பெயர். வாஷிங்டன் திருமண்டல நிர்வாகத்தில் இருந்த பவுலா கிளார்க், பாஸ்டனிலிருந்து எட்வின் ஜான்சன், சிகாகோவிலேயே ஊழியம் செய்த, மருத்துவருமான ஃபுல்டன் போர்ட்டர், நியூயார்க் டிரினிட்டி சர்ச் வால் ஸ்ட்ரீட்டில் இருந்த வின்னி வர்கீஸ். நால்வரில் ஒருவர்கூட வெள்ளையர் இல்லை. 1835-இல் தொடங்கிய திருமண்டலத்தில் அதுவரை இருந்த பிஷப்புகளின் படங்களை வரிசையாகப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

வர்கீஸ் என்ற பெயரைக் கேட்டதும் அம்மா, "நம்ம பக்கத்துப் பிள்ளையா?" என்றாள். கேரளத்து வழி, அமெரிக்காவில் வளர்ந்தவர் என்றேன். "அப்ப நம்ம பக்கம்தான்" என்று முடித்துவிட்டாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இணையவழிச் சந்திப்புக் கூட்டங்களில் நால்வர் பேசியதையும் கேட்ட பிறகு, ஊர்ப்பாசத்தை வைத்துக்கொண்டு ஓட்டுப் போடுவது சித்தப்பாவின் வாழைத்தார் வேலைதான் என்று தோன்றியது. யாருக்குப் போட்டேன் என்பதைச் சொல்லமாட்டேன். ரகசிய ஓட்டு, அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

தேர்தல் அன்று காலை எனக்கு ஓட்டுப்போடும் இணைப்பு வரவில்லை என்று பதறினேன். உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது மகன் வந்து, ஸ்பாம் பெட்டியைத் திறந்து காட்டினான். மளிகைக் கடைத் தள்ளுபடிக்கும் காப்பீட்டு விளம்பரத்துக்கும் நடுவில் இருந்தது சிகாகோவின் பதின்மூன்றாவது பிஷப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. யாராவது இப்படி ஒரு கூட்டத்துக்குப் போவதாக இருந்தால், முந்தின இரவே ஸ்பாமைப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டு முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில் பிடித்ததே அதுதான். குருமார் ஒரு பக்கம், எங்களைப் போன்ற சபையார் ஒரு பக்கம், தனித்தனியாக ஓட்டு. ஒரே சுற்றில் இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கே பெரும்பான்மை கிடைத்தால்தான் வெற்றி. குருமார் எல்லாரும் சேர்ந்து ஒருவரைக் கொண்டுவந்துவிட முடியாது, நாமும் முடியாது. கிடைக்கவில்லையா, ஜெபம், பாட்டு, அமைதி, அடுத்த சுற்று. திரையில் இரண்டு பத்தியாக எண்கள் வரும். ஒவ்வொரு சுற்றிலும் எண்கள் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் நகர்வதைப் பார்ப்பது, தராசில் தங்கம் நிறுப்பதைப் பார்ப்பது போல. நடுவில் ஒரு தடவை வீடியோவை நிறுத்திவிட்டு உப்புமா கிண்டினேன். திரையில் சிறு சிறு கட்டங்களில் மற்றவர்கள் தலை குனிந்து ஜெபித்துக்கொண்டிருக்க, இங்கே கடுகு வெடித்தது. மைக் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

நான்காவது சுற்றில் பவுலா கிளார்க் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தத் திருமண்டலத்தின் முதல் பெண் பிஷப், முதல் கறுப்பின பிஷப். அம்மாவிடம் சொன்னபோது, "பொம்பள பிஷப்பா?" என்று ஒரு நொடி இழுத்தாள். சி.எஸ்.ஐ.யில் 2013-லேயே நந்தியாலுக்கு புஷ்பலலிதா அம்மா வரவில்லையா என்றேன். "ஆமா, அதுவும் சரிதான்" என்றாள்.

தேர்தலோடு முடிந்துவிடாது. 120 நாளுக்குள் மற்றத் திருமண்டலங்களின் ஒப்புதல் வேண்டும். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஸ்டாண்டிங் கமிட்டி என்கிற நிலைக்குழுவும் பிஷப்பும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும். இரண்டு கணக்கிலும் பெரும்பான்மை வர வேண்டும். சிகாகோவுக்கு யார் பிஷப் என்பதில் அலாஸ்காக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டேன். "பவுலா சிகாகோவுக்கு மட்டும் பிஷப் இல்லையே" என்றார் எங்கள் சபையின் மூத்த பெண்மணி ஒருவர். ஒப்புதல் கிடைத்தது. பிரதிஷ்டைக்கு 2021 ஏப்ரல் 24 என்று தேதி குறித்தார்கள்.

எங்கள் வீட்டில் அந்த நாளை எதிர்பார்க்க ஒரு தனிக் காரணமும் இருந்தது. மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. திடப்படுத்தல் வகுப்பு முடித்திருந்தான். ஞானஸ்நானத்தில் எடுத்த விசுவாசத்தை வளர்ந்த பிள்ளை தானே உறுதிசெய்யும் சடங்கு அது. புது பிஷப் வந்ததும் எங்கள் சபைக்கு முறை வரும், கைவைத்து ஜெபிப்பார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அம்மா ஊர்த் தையல்காரரிடம் வெள்ளைச் சட்டை தைத்து அனுப்பியிருந்தாள். வளர்கிற பிள்ளை என்று கையின் உள்பக்கம் இரண்டு மடிப்பு விட்டுத் தைத்திருந்தது. பார்சலில் சட்டையும், கூடவே கருப்பட்டியும்.

பிரதிஷ்டைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஏப்ரல் 10 அன்று, கிளார்க்குக்கு மூளையில் இரத்தக்கசிவு. அறுவைச் சிகிச்சை. திருமண்டலத்திலிருந்து வந்த மின்னஞ்சலை நின்றுகொண்டே படித்தேன். பிரதிஷ்டை தள்ளிவைக்கப்படுகிறது, ஜெபியுங்கள். பிறகு வேறு தேதி சொன்னார்கள், அதுவும் தள்ளிப்போனது. ஒரு கட்டத்தில் தேதி சொல்வதையே நிறுத்திவிட்டார்கள்.

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டது, பிரதிஷ்டை முதல் தடவை தள்ளிப்போன பிறகு அந்த மே மாதத்தில்தான்.

பிஷப் இல்லாதபோது ஸ்டாண்டிங் கமிட்டிதான் திருமண்டலத்தின் அதிகாரம் என்று சட்டத்தில் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். குருமாரும் சபையாரும் கலந்த சின்னக் குழு. சாதாரண நாளில் அந்தக் குழு இருப்பதே யாருக்கும் தெரியாது. நான் டெலிகேட்டாக இருந்தும் அதன் உறுப்பினர்களுக்கு ஓட்டுப் போட்டது அரைத் தூக்கத்தில்தான். அந்தக் குழு 2021 ஜனவரி முதல் கடிதங்களில் கையெழுத்திட்டது, நிர்வாகத்தை நடத்தியது. பிஷப் மட்டுமே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு: குருப்பட்டம், திடப்படுத்தல். அவற்றுக்கு வெளியிலிருந்தும் ஓய்விலிருந்தும் பிஷப்புகள் உதவிக்கு வந்தார்கள். ஞாயிறு ஆராதனை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கூரை ஒழுகியது, ஆள் வைத்துச் சரிசெய்தோம்.

ஆனால் சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். காபி நேரத்தில் கிசுகிசு வராமல் இருக்குமா? மறுபடி தேர்தல் வைக்க வேண்டியதுதானே என்று ஒருவர் ஆரம்பித்தார். அவரை நான் தப்பாக நினைக்கவில்லை. காத்திருப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பற்றி 'அப்டேட் என்ன?' என்று சரக்கு லாரி வராதது போல விசாரித்தார்கள். வந்த கடிதங்கள் சுருக்கமாக இருந்தன. ஆரம்பத்தில் எனக்கும் அது குறையாகப் பட்டது. பிறகு யோசித்தேன், என் மருத்துவ அறிக்கையை நூற்றுச் சொச்சம் சபைகளுக்கு யாராவது அனுப்பினால் எனக்கு எப்படி இருக்கும்? அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவருடைய கணவரும் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த ஞாயிறு காபி நேரத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை.

மாதம் ஒரு முறை மன்றாட்டு ஜெபம் வாசிப்பது என் முறை. அந்த நாட்களில் தாளின் முதல் வரியிலேயே இந்தப் பெயர்கள் இருக்கும்: தலைமை பிஷப் மைக்கேல், எங்கள் பிஷப் இன்னார். ஜனவரியில் நான் பழக்கதோஷத்தில் 'ஜெஃப்ரி' என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு தாளில் 'தேர்வு பெற்ற பிஷப் பவுலா' என்று அச்சாகி வந்தது. மாதாமாதம் அதே வரி. பிரதிஷ்டைக்கு முன் இத்தனை ஜெபம் வேறு எந்த பிஷப்புக்கும் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

2021 கோடையில் ஒருநாள் மகனைக் கூட்டிக்கொண்டு ஹியூரான் தெருவிலுள்ள செயின்ட் ஜேம்ஸ் கதீட்ரலைப் பார்க்கப் போனேன். 1871-இல் சிகாகோ நகரமே எரிந்தபோது அந்தக் கோயிலும் எரிந்தது. மணிக்கோபுரம் மட்டும் நின்றது. கோபுரத்தின் உச்சிக் கற்களில் கரி இன்னும் கறுப்பாக இருக்கிறது. மகன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நூத்தம்பது வருஷமா கழுவவே இல்லையா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் சட்டைக் கையின் முதல் மடிப்பைப் பிரித்தேன். உதவிக்கு வந்த ஒரு பிஷப் பக்கத்துச் சபையில் திடப்படுத்தல் நடத்துவதாக இருந்தது. எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் முன்னால் மகனுக்குக் கொரோனா. மற்ற மூன்று பிள்ளைகள் போய்வந்தார்கள். கோடையில் இரண்டாவது மடிப்பையும் பிரித்தேன். எவ்வளவு இஸ்திரி போட்டும் பழைய மடிப்பின் கோடு துணியில் போகவில்லை. போட்டுப் பார்த்தால் மணிக்கட்டு வெளியே தெரிந்தது.

2022 செப்டம்பர் 17, சனிக்கிழமை, பவுலா கிளார்க்குக்குப் பிரதிஷ்டை நடந்தது. தலைமை பிஷப் மைக்கேல் கரி வந்திருந்தார். எங்கள் வீட்டில் திரையில் பார்த்தோம்; ஊரில் அம்மா தூங்காமல் உட்கார்ந்து போனில் பார்த்தாள். பிஷப்புகள் சுற்றி நெருங்கி நின்று தலையில் கைவைத்தபோது அவர் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோனார். அந்த இடத்தில் நான் அழுதேன். மகன் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

மறுநாள் ஞாயிறு, மன்றாட்டு வாசிப்பது தற்செயலாக என் முறை. தாள் வியாழக்கிழமையே அச்சாகிவிட்டது போல. பழைய வரியே இருந்தது. வாசிக்கும் மேடைக்குப் போகும்முன் பென்சிலால் 'தேர்வு பெற்ற' என்பதை அடித்தேன். "எங்கள் பிஷப் பவுலா" என்று வாசித்தபோது முன்வரிசையில் இருந்த மூத்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

அன்று ராத்திரி அம்மா கூப்பிட்டாள். பேரனுக்கு எப்போது என்று கேட்டாள். பிஷப் ஒவ்வொரு சபையாக வர வேண்டும், எங்கள் முறை அடுத்த வருடம் ஆகலாம் என்றேன்.

"சரி, புதுச் சட்டைக்கு அளவு அனுப்பு" என்றாள். "கையில மடிப்பு வைக்கச் சொல்லட்டா?"

"வைக்கச் சொல்லுங்கம்மா. மூணா வைக்கச் சொல்லுங்க."