மழைநாள் மலைநடை: நாட்குறிப்பு

ஜூலை 3, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை நடையில் வரிசையின் கடைசியில் வரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எனக்குப் பின்னால் யாரும் விடுபடக் கூடாது என்பதுதான் அந்த வேலை.

ஜூலை 4, வெள்ளி

ஞாயிறன்றும் மழை என்றே வானிலை அறிவிப்பு சொல்கிறது.

ஜூலை 5, சனி

பாதையின் நீளம் 12 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டால், மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அது நல்ல உடல்வலு உள்ளவர் நல்ல பாதையில் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. ஈரப் பாறையிலும் வழுக்கும் வேர்களிலும் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும் குழுவுக்கு ஆறு மணி நேரமாவது ஒதுக்குங்கள் என்று தலைவரிடம் கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்.

வழியில் கடக்க வேண்டிய ஓடையைப் பற்றித்தான் மனம் ஆறவில்லை. மேல்சரிவில் பெய்த மழை கீழே வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், நாம் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருந்தாலும் நீர் ஏறிக்கொண்டே இருக்கலாம். போகும்போது கணுக்காலளவு இருந்தது திரும்பும்போது முழங்காலைத் தாண்டினால் குழு அக்கரையில் சிக்கிக்கொள்ளும். வேறு வழி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

ஜூலை 6, ஞாயிறு, இரவு

புறப்படும்போது தூறல்தான். முகட்டை நெருங்கியதும் காற்றோடு மழை சாய்ந்தடித்தது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பார்கள். இங்கே ஏறியது அதில் பாதிதான் என்றாலும், நனைந்த உடம்புக்குக் காற்றே போதும்.

எனக்கு முன்னால் நடந்த அக்கா பருத்திச் சட்டை அணிந்திருந்தார். காலை முழுவதும் பேசிக்கொண்டே வந்தவர், ஏற்றத்தின் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். பையின் ஜிப்பைப் பிடித்த விரல்கள் அதை இழுக்காமல் வழுக்கி வழுக்கி விலகின. இரண்டு கைகளாலும் முயன்றார், பிறகு பையைத் திறந்தபடியே தோளில் போட்டுக்கொண்டார். "ஒன்றுமில்லை தம்பி, நடந்தால் சூடாகிவிடும்" என்றார். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது முதலில் தடுமாறுபவை விரல்களும் பேச்சும்தான் என்று படித்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவரே அதை உணர்வதில்லை என்பதுதான் இதில் மிகவும் அஞ்ச வேண்டியது. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுவது ஆபத்துக் குறி என்பதால், வரிசையை நிறுத்த ஒரே நீண்ட விசில் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஊதினேன்.

காற்றுப் படாத பாறை மறைவில், பெண்கள் சுற்றி நின்று அவருக்கு ஈரச் சட்டையை மாற்றி, உலர்ந்த ஸ்வெட்டரும் அதன்மேல் மழைக்கோட்டும் போட்டுவிட்டார்கள். யாரோ பிளாஸ்கிலிருந்து சர்க்கரை கலந்த வெந்நீர் கொடுத்தார்கள். குவளையைத் தாமே பிடிக்கும் அளவுக்கு அவர் கை தேறிய பிறகு, ஓடையை எட்டாமலே எல்லோரையும் திருப்பி அழைத்துச் செல்லத் தலைவர் முடிவெடுத்தார். அவரை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஜூலை 7, திங்கள்

காலணிக்குள் செய்தித்தாள் திணித்து நிழலில் வைத்திருக்கிறேன். தொடை வலிக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே இருந்தது, பாதியில் திரும்பியிருக்க வேண்டுமா என்று குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வரிசையின் முன்பகுதியில் நடந்தவர். அந்த விரல்களைப் பார்க்கவில்லை. ஒருவர் தளர்ந்தால் குழு முழுவதும் அவருடைய வேகத்துக்கு இறங்க வேண்டும் என்பதை ஏற்காதவர் தனியாகவே மலைக்குப் போகலாம். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

மழை நிற்கவே இல்லை. ஓடையில் இப்போது எவ்வளவு நீர் ஓடும்?

ஜூலை 10, வியாழன்

அக்கா தொலைபேசியில் அழைத்தார். நலமாக இருக்கிறார். கம்பளி உள்ளாடை வாங்கியிருக்கிறாராம், அடுத்த நடைக்கும் வருவதாகச் சொன்னார்.

ஜூலை 11, வெள்ளி

அடுத்த பாதையின் வரைபடம் வந்தது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் மிக நெருங்கி வரும் செங்குத்தான சரிவில் ஓடை இரண்டு முறை குறுக்கிடுகிறது. பாலம் எதுவும் குறிக்கப்படவில்லை. தலைவருக்கு எழுதியிருக்கிறேன்.