கேரண்ட் ரைஃபிளில் ஸ்கோப்புக்கு இடம் தேடுதல்

வயதான வாடிக்கையாளர்கள் தங்கள் எம்1 கேரண்ட் ரைஃபிளை மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: குழல் நுனியில் உள்ள முன்குறி மங்கலாகத் தெரிகிறது. நாற்பதைத் தாண்டியபின் கண்ணின் வில்லை மெல்ல இறுகிவிடுவதால், கைக்கெட்டும் தொலைவில் உள்ள முன்குறியின் முனையையும் 100 கஜத்துக்கு அப்பால் நிற்கும் இலக்கையும் மாறி மாறித் தெளிவாகப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது. ரைஃபிளின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் இலக்கும் கண்ணுக்கு ஒரே தளத்தில் தெரிவதால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. நான் வேலை செய்யும் பட்டறை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரி சுடுதளத்துக்கு அருகில் இருக்கிறது. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவரும் இடம் அது என்பதால், பழைய ராணுவ ரைஃபிள்களை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் அதிகம்; அவற்றைத் தொடர்ந்து சுட வேண்டும் என்ற ஆசையும் அவர்களுக்கு அதிகம்.

ஆனால் ஜான் கேரண்ட் வடிவமைத்து 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த ரைஃபிள், ஸ்கோப் வைக்க இடம் தராத ஒன்று. எட்டுத் தோட்டாக்கள் அடங்கிய கிளிப்பை, இயங்கு பாகங்கள் அடங்கிய உடற்பகுதியான ரிசீவரின் மேல்வாய் வழியாகத்தான் அழுத்தி உள்ளே வைக்க வேண்டும்; கடைசித் தோட்டா சுடப்பட்டதும் அந்தக் காலிக் கிளிப் அதே வழியாக மேலே துள்ளி வெளியேறுகிறது. அந்த வாய்க்கு நேர் மேலே ஸ்கோப்பைப் பொருத்தினால் கிளிப்பை உள்ளே வைக்கவும் முடியாது, அது வெளியே வரவும் வழியிருக்காது. 1944இல் குறிபார்த்துச் சுடுவோருக்காக எம்1சி, எம்1டி வகைகளை ஏற்ற ராணுவம், இதனாலேயே ஸ்கோப்பை இடப்பக்கம் ஒதுக்கி வைத்தது. சுடுபவரின் கன்னம் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்பதற்காக ரைஃபிளின் பின்புற மரக்கட்டையில் தோல் மெத்தை ஒன்றையும் கட்டியது. இன்று அதே முறையைப் பின்பற்றப் பழைய ரிசீவரில் துளை போடச் சொல்லி வருபவர்கள் உண்டு. நாங்கள் அதைச் செய்வதில்லை. ஒருமுறை துளையிட்ட ரிசீவரை எவராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனம் இல்லை.

எனவே எஞ்சியிருப்பது முன்புறம், அதாவது குழலின் மேல். அரிசோனாவில் கன்சைட் பயிற்சிப் பள்ளியை நிறுவிய ஜெஃப் கூப்பர், 1980களில் ஸ்கவுட் ரைஃபிள் என்ற கருத்தை வளர்த்தபோது, குறைந்த உருப்பெருக்கம் கொண்ட ஸ்கோப்பை ரிசீவருக்கு முன்னால் வைத்து இரு கண்களையும் திறந்தபடி குறிபார்க்கும் முறையைப் பரவலாக்கினார். அவர் மனத்தில் இருந்தது ஏறத்தாழ 3 கிலோ எடையில், தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் ரைஃபிள். கேரண்டோ வெறுமையாகவே ஏறத்தாழ 4.3 கிலோ எடை உள்ளது, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது. ஆகவே அதை ஸ்கவுட் ரைஃபிள் என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்கோப் நிற்கும் இடத்தை மட்டுமே அந்தக் கருத்திலிருந்து நாம் கடன் வாங்குகிறோம்.

வேலை தொடங்கும் முன் ரைஃபிளின் தோட்டா அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்துகிறோம். அப்போது, போல்ட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் இயக்கத் தண்டின் கைப்பிடியை மறுகையால் பின்னுக்குப் பிடித்துக்கொள்ளாதவரின் கட்டைவிரலை முன்னோக்கிப் பாயும் போல்ட் நசுக்கிவிடும். பிறகு குழலின் மேலுள்ள பின்பக்க மரக் காப்பைக் கழற்ற வேண்டும். குழலின் பள்ளத்தில் பதிந்திருக்கும் எஃகுப் பட்டைதான் அதைப் பிடித்திருக்கிறது. அவசரப்பட்டு நெம்பினால் பட்டை வளையும், பல பத்தாண்டுப் பழைய வால்நட் மரம் பிளக்கும். கழற்றிய காப்பை உறையிலிட்டு உரிமையாளரிடமே கொடுத்துவிடுகிறோம், ஏனென்றால் பிற்காலத்தில் ரைஃபிளைப் பழைய தோற்றத்துக்குத் திருப்ப அது ஒன்றே போதும்.

காப்பு இருந்த இடத்தில் உலோகத் தாங்கி உட்கார்ந்து, அடிப்பக்கக் கவ்விகளால் குழலைப் பற்றிக்கொள்கிறது. இந்த வேலையில் நான் மிகுந்த நேரம் செலவிடுவது இங்கேதான். கேரண்டின் இயக்கத் தண்டு குழலை ஒட்டியே முன்னும் பின்னும் ஓடுவது. கவ்வி மயிரிழை அளவு அதில் உரசினாலும் ரைஃபிள் ஒழுங்காக இயங்காது. அதனால் சுருள்வில்லை எடுத்துவிட்டு, தண்டை மட்டும் மாட்டி, ரைஃபிளை முன்னும் பின்னுமாகச் சாய்த்துப் பார்க்கிறோம். தண்டு தன் எடையாலேயே தடையின்றி வழுக்கி ஓட வேண்டும். இந்தச் சோதனையைத் தாங்கியைப் பொருத்துவதற்கு முன்பே ஒருமுறை செய்துவிடுவது அவசியம், இல்லையென்றால் தண்டில் முன்பே இருந்த வளைவுக் கோளாறுக்குத் தாங்கியைக் குற்றம் சொல்ல நேரிடும். குழலின் மேலுள்ள எண்ணெயை முழுவதும் துடைத்தபின், தயாரிப்பாளர் எழுதியிருக்கும் முறுக்கு அளவுக்குத் திருகுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, சிறிது சிறிதாக இறுக்குகிறோம்.

ஸ்கோப்பும் இதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்கோப்பில் கண் மூன்று நான்கு அங்குல தூரத்தில் இருந்தாக வேண்டும். முன்புறம் வைப்பதற்கு 9, 10 அங்குலம் தாண்டியும் முழுப் படம் தெரிகிற வகை தேவை. அதனால்தான் உருப்பெருக்கம் பெரும்பாலும் 2, 3 மடங்கோடு நின்றுவிடுகிறது.

குறியைச் சரிசெய்யும்போது கேரண்டில் இன்னொரு தடை உண்டு. ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால், போல்ட்டை எடுத்துவிட்டுக் குழல் வழியாக இலக்கைப் பார்த்து ஸ்கோப்பை ஒத்திசைக்க முடியாது. குழல்வாயில் பொருத்தும் கருவியால் தோராயமாகச் சரிசெய்து, 25 கஜத்தில் சுட்டுப் பார்த்து, பிறகு 100 கஜத்துக்குப் போகிறோம். குழலின்மேல் புதிதாக எடை ஏறியிருப்பதால், ரைஃபிளோடு வந்த முன்குறி, பின்குறி ஆகிய இரும்புக் குறிகளின் பழைய அளவும் மாறியிருக்கக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. அதையும் சுட்டுச் சரிபார்த்துத்தான் ஒப்படைக்கிறோம்.

இந்த அமைப்பின் குறைகளைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே வெளி இருப்பதால், முதுகுப்பக்கம் தாழ்ந்து நிற்கும் சூரியன் பின்கண்ணாடியில் பட்டுக் கூசும். இரண்டு மூன்று கிளிப்புகளைத் தொடர்ந்து சுட்டால் குழலின் சூடு தாங்கிக்கும் ஏறும், ஸ்கோப்பின் முன்னால் கானல் எழுந்து இலக்கை அலைக்கும். ஸ்கோப் வழியே தெரியும் பரப்பும் குறுகலானது. இவற்றைக் கேட்டபின் சிலர், இரும்புக் குறிகளை அப்படியே வைத்துக்கொண்டு, முன்குறி தெளிவாகத் தெரியும்படி கண் மருத்துவரிடம் தனிக் கண்ணாடி வாங்கிக்கொள்கிறார்கள். போட்டிகளில் பழைய வடிவத்திலேயே சுட விரும்புபவர்களுக்கு நானும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.