உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

கோமாரித் தடுப்பூசி போட வீடு வீடாகப் போகும் நாட்களில் மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நாங்கள் நாயைத்தான் பார்க்கிறோம். மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலும் நான் வேலை பார்த்த ஊர்களில் மாட்டுக் கொட்டகை இருந்தால் அதன் வாசலில் ஒரு நாயும் இருக்கும். ஐஸ் பெட்டியோடு படலைத் திறந்ததும் உள்ளேயிருந்து குரல் வரும்: "சும்மா வாங்க டாக்டர், வால ஆட்டுது பாருங்க, ஒண்ணும் பண்ணாது." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வாலை மட்டும் நம்பி உள்ளே போய்க் கடி வாங்கியவர்கள் எங்கள் துறையில் நிறையப் பேர்.

வால் ஆடினால் அந்த நாயின் மனம் பரபரப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அது சந்தோஷமா, கோபமா, பயமா என்பதை மற்ற உடம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்பும் சேர்ந்து நெளிய, தளர்வாக, அகலமாக வால் ஆடினால் தைரியமாகப் போகலாம். விறைத்து மேலே நின்றபடி நுனி மட்டும் படபடவென்று துடித்தால் நின்றுவிட வேண்டும். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வளர்ப்பவரைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப் பக்கம் கூடுதலாக ஆடுகிறது. முன்பின் தெரியாத முரட்டு நாயைப் பார்க்கும்போது இடப் பக்கம் கூடுதலாக ஆடுகிறது. 2013-ல் அதே குழுவினர், இடப் பக்கம் ஆடும் வாலைப் பார்க்கிற இன்னொரு நாய்க்குப் படபடப்பு கூடுவதையும் காட்டினார்கள். நாய்களுக்கு அது தெரிகிறது. கொட்டகை வாசலில் நிற்கிற நமக்கு அதைக் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நம் நாட்டு நாய்களில் பலவற்றுக்கு வால் எப்போதும் மேலே சுருண்டேதான் இருக்கும். சிப்பிப்பாறை இன நாயின் மெல்லிய வாலோ இயல்பாகவே தாழ்ந்து தொங்கும். அதனால் வாலை விட நான் வாயைத்தான் அதிகம் நம்புகிறேன்.

சித்திரை வெயிலில் டெல்டாவில் எல்லா நாயும் நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்துக்கொண்டிருக்கும். அப்படி இளைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடிவிட்டால், அந்த இடத்திலேயே நிற்பேன். வாய் மூடும், மூச்சு அடங்கும், உடம்பு கல்லாகும், கண் ஓரத்தில் வெள்ளை தெரியும். கடிக்கு முன்னால் வரும் கடைசி அமைதி அது. சில நேரம் ஒரு நொடிக்கு மேல் நீடிக்காது. குரைத்துக்கொண்டே பின்னால் பின்னால் போகிற நாயிடம் எனக்கு அவ்வளவு பயம் கிடையாது. அதற்கு வேண்டியது தூரம். பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பார்க்காமல், இரண்டடி விலகி நின்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். குரைக்காமல் எடையை முன்னங்கால்களுக்குத் தள்ளி நிற்கிற நாய்தான் கவனிக்க வேண்டிய நாய்.

இதற்கெல்லாம் முன்பே நாய் மெல்லிய குறிப்புகளைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். கால்நடை மருந்தகத்தில் தினமும் பார்க்கிறேன். மேசை மேல் ஏற்றியதும் கொட்டாவி விடும். கூட வந்த அம்மா, "தூக்கம் வருது போல டாக்டர்" என்பார். தூக்கமில்லை, சங்கடம். எதிரே தீனி எதுவும் இல்லாமலே உதட்டை நக்கிக்கொள்ளும். முகத்தை அப்பால் திருப்பும், ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இவற்றைப் பார்த்தால் எங்கள் உதவியாளர் அண்ணன் கையை எடுத்துவிட்டு, நாயைத் தரையில் இறக்கி, ஒரு நிமிடம் அறையை முகர்ந்து பார்க்க விடுவார். அப்புறம் ஊசி. வாய்க்கட்டு போட வேண்டிய தேவை பாதிக்குப் பாதி குறைந்துபோகும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். பாமணியாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் தன் நாயைக் கொண்டுவந்தார். லேப்ரடார் கலப்பு, காது மடிந்து தொங்கும். வீட்டுப் பையனைக் கன்னத்தில் கடித்திருந்தது. பையனுக்கு ஊசி போடத் தொடங்கியிருந்தார்கள். "சத்தமே இல்லாம கடிச்சிருச்சு டாக்டர். இத வெச்சிருக்கறதா, எங்கயாவது விட்டுடறதா?" என்று கேட்டார். இதற்கு முன்னால் உறுமியிருக்கிறதா என்று கேட்டேன். "முன்னாடி உறுமும். பையன் கழுத்தக் கட்டிக்கிட்டா உறுமும். ரெண்டு வெச்சேன், நிறுத்திருச்சு" என்றார். காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்து சீழ் பிடித்து நாற்றமடித்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படி மடிந்த காதுகள் ஈரம் காயாமல் புண்ணாவது இங்கே சாதாரணம். பையன் கழுத்தைக் கட்டிப் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் காது நசுங்கியிருக்கிறது.

அந்த நாய் முறையாகத்தான் நடந்துகொண்டது. வலிக்கிறது, விடு என்று பல தடவை சொன்னது. அப்படிச் சொன்னதற்கு அடி கிடைத்தது. சொல்வதை நிறுத்தியது, வலி நிற்கவில்லை. உறுமலை அடித்து நிறுத்தினால் நாயின் பயமோ வலியோ போய்விடாது, நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கைதான் போய்விடும். நாய் உறுமினால் செய்ய வேண்டியது ஒன்றே: கையை எடுங்கள், குழந்தையை அப்பால் அழைத்துக்கொள்ளுங்கள், பிறகு எதற்காக உறுமியது என்று பாருங்கள். அந்த நாயின் காதுக்கு மருந்து போட்டோம். கட்டிப்பிடிக்கக் கூடாது, அதுவாகப் பக்கத்தில் வந்தால் மார்பில் தடவிக்கொடுக்கலாம் என்று பையனிடம் சொன்னேன். அப்பாவை விட அவன் கவனமாகக் கேட்டான். வெறிநாய்க்கடிச் சந்தேகத்தில் சிகிச்சைக்கு வருகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் முகம் நாயின் வாய்க்கு நேரே இருக்கிறது. அவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

டெல்டாவில் தை, மாசி தனிக் காலம். தெருநாய்கள் புரட்டாசிக்கு மேல் இணை சேரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆகவே சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் எழும்பும் நேரத்தில்தான் குட்டிகள் பிறக்கின்றன. போர் அடியைப் போல வெதுவெதுப்பான இடம் தாய்க்கு வேறெங்கே கிடைக்கும்? விடிகாலையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போகிற பெண்களைத்தான் அது கடிக்கிறது. அது வரை ஊரே சோறு போட்ட சாது நாயாக இருந்திருக்கும். போருக்குள் கையை விடுவதற்கு முன் சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுங்கள். தாய் வெளியே வந்து, தலையைத் தாழ்த்தி, உங்களுக்கும் போருக்கும் நடுவில் வந்து நின்றால் அன்றைக்கு வேறு பக்கத்தில் பிடுங்குங்கள். சில வாரங்களுக்குத்தான் இந்தச் சிரமம்.

நாய்க்கு நாய் எப்படிப் பேசிக்கொள்கிறது என்பதை நான் அதிகம் கற்றுக்கொண்டது அறுவடை முடிந்த வயல்களில். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து செம்மறி மந்தைகள் வந்து வயலிலேயே தங்கிக் கிடை போடும். கிடை நாய்க்கும் ஊர் நாய்க்கும் வரப்பில் சந்திப்பு நடக்கும். நேருக்கு நேர் வருகிற நாய்கள் அநேகமாகச் சண்டையில் முடியும். சமாதானம் விரும்புகிற நாய் வளைந்து வரும், நடுவில் நின்று தரையை முகரும், முகத்தைத் திருப்பும், பிறகு பின்பக்கத்தை முகர்ந்து பார்க்க இடம் கொடுக்கும். முதுகு மயிர் சிலிர்த்தாலே சண்டை என்று நினைக்க வேண்டாம். பயத்திலும் சிலிர்க்கும், ஆர்வத்திலும் சிலிர்க்கும். ஒன்றின் தோள் மேல் இன்னொன்று தாடையை வைத்து இரண்டும் அசையாமல் நின்றால்தான் ஆபத்து. அந்த நேரத்தில் மந்தை மேய்க்கிற கீதாரிகள் கத்துவதில்லை, கல் எறிவதில்லை. தன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டே வேறு திசையில் நடக்கத் தொடங்குவார்கள். நாய்க்கு விலகிப் போக ஒரு காரணம் கிடைத்துவிடும். தஞ்சாவூர்ப் புறநகர்களில் காலையில் சங்கிலியோடு நாயை நடத்திச் செல்கிறவர்கள் இதைத்தான் செய்வதில்லை. இறுக்கிப் பிடித்த சங்கிலியில் நாயால் வளைந்து போக முடியாது, விலகவும் முடியாது. மீதியிருப்பது பாய்ச்சல் ஒன்றுதான்.

வெறிநோய் வந்த நாயிடம் மட்டும் இந்தக் குறிப்புகள் எதுவும் செல்லாது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எதிர்ப்பட்டதைக் கடிக்கும்; அல்லது தாடை தொங்க, எச்சில் வடிய, குரல் மாறி ஒரு மூலையில் சுருண்டிருக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று யாரும் அதன் வாயில் கையை விட வேண்டாம். எந்த நாய் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் தடுப்பூசி இலவசம். தெரிந்த நாய் என்றால் 10 நாள் கவனிக்கச் சொல்கிறோம், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. வைக்கோல் போர்க் குட்டிகளுக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். கொண்டுவரும்போது கயிற்றைத் தளர்வாகப் பிடித்து வாருங்கள், கூட்டமாக இருந்தால் மரத்தடியில் தள்ளியே நில்லுங்கள். நாங்கள் அங்கே வந்து போடுகிறோம்.